யாரும் கேட்காத கொடி

1978-ம் வருடம் அக்டோபர் 14. அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒரு மசோதாவில் கையெழுத்துப் போட்டார். மசோதாவின் எண் ஹெச்.ஆர். 1337. தலைப்பைப் படித்தாலே கொட்டாவி வரும். லாரி, பஸ், டிராக்டர் வகையறாக்களுக்கான கலால் வரி, வயலுக்கு மேலே பறந்து மருந்து தெளிக்கும் விமானங்களுக்கு எரிபொருள் வரியைத் திருப்பித் தருவது என்று போகிற பட்டியலின் நடுவே, டிக்கெட் வாங்காமல் ஏறிய பயணி மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தது ஒரு சங்கதி.

இனிமேல் வீட்டில் பீர் தயாரித்துக்கொள்ளலாம்.

அட, அதற்கு முன்னால் கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது. சுதந்திர தேவி சிலை வைத்திருக்கிற நாட்டில், சொந்த அடுப்பில், சொந்தப் பானையில், சொந்தத் தொண்டைக்காக ஒருவர் பீர் தயாரித்தால் அது குற்றம். 1920-ல் ஆரம்பித்த குற்றம் அது. ஐம்பத்தெட்டு வருடம் கழித்து, டிராக்டர் வரியோடு சேர்த்து ரத்து செய்தார்கள்.

இந்தக் கதையில் இரண்டு அநாதைகள் உண்டு. ஒன்று, சட்டம் கைவிட்ட ஒரு பொழுதுபோக்கு. இன்னொன்று, பெரிய கம்பெனிகள் கைவிட்ட ஒரு கொடி. இரண்டும் சந்தித்ததில் அமெரிக்காவின் நாக்கே மாறிப்போனது.

(ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை. மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு என்று பாட்டிலிலேயே எழுதியிருந்த காலம் உண்டு. தவிர, தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது சட்டப்படி குற்றம். ஆகவே பானையைத் தேடாமல் படியுங்கள்.)

* * *

முதலில் அந்தக் கொடியைப் பார்த்துவிடலாம்.

பீருக்கு வேண்டியது நான்கே நான்கு. தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி, ஈஸ்ட், அப்புறம் ஹாப்ஸ். முளைகட்டிய பார்லியைத்தான் மால்ட் என்கிறோம். அதை வெந்நீரில் ஊறவைத்தால் உள்ளே இருக்கிற மாவு சர்க்கரையாகி, தித்திப்பான ஒரு கஞ்சித் தண்ணீர் கிடைக்கும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். சாராயம் மாதிரி வடிக்கிற வேலை கிடையாது. ஊறலோடு சரி.

இதில் ஹாப்ஸுக்கு என்ன வேலை? கசப்பு கொடுப்பது, வாசனை கொடுப்பது, கெட்டுப்போகாமல் காப்பது. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. பச்சை நிறத்தில், குட்டி பைன் மரக்காய் மாதிரி இருக்கும். பதினைந்து, பதினெட்டு அடி உயரத்துக்குக் கம்பி கட்டி ஏற்றிவிடுவார்கள். இந்தக் கொடியில் ஆண் தனி, பெண் தனி. பீருக்கு வேண்டியது பெண் பூ மட்டும்தான். பூவைப் பிரித்துப் பார்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் தூள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். சரக்கெல்லாம் அந்தத் தூளில்தான். இன்னொரு விஷயம், கஞ்சாச் செடியும் ஹாப்ஸும் ஒரே தாவரக் குடும்பம். ஆனால் போதை விஷயத்தில் ஹாப்ஸ் சமர்த்துப் பிள்ளை.

ஐரோப்பா இதை ரொம்ப நாளாக அறிந்து வைத்திருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த கன்னியாஸ்திரீ ஹில்டகார்ட், பானங்கள் கெடாமல் இருக்க ஹாப்ஸ் உதவும் என்று எழுதி வைத்திருக்கிறார். 1516-ல் பவேரியாவில் போட்ட புகழ்பெற்ற சட்டம், பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறு எதுவும் சேரக் கூடாது என்றது. ஈஸ்ட்டைக் காணோமே என்கிறீர்களா? அந்தக் காலத்தில் அப்படி ஒரு ஜீவன் இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஹாப்ஸில் ரகங்கள் உண்டு. நம் மாம்பழம் மாதிரி. செக் நாட்டின் சாட்ஸ், ஜெர்மனியின் ஹாலர்டாவ், இங்கிலாந்தின் ஃபகிள் எல்லாம் பரம்பரைப் பணக்காரர்கள். மென்மையான வாசனை, கம்பீரமான விலை. அமெரிக்காவில் பெரும்பாலும் விளைந்தது க்ளஸ்டர் என்ற ரகம். கசப்புக்கு ஓகே. வாசனைக்கு? ம்ஹூம். நல்ல வாசனை வேண்டுமானால் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வரவேண்டும்.

* * *

அமெரிக்க விவசாயத் துறை இதற்கு ஒரு வழி தேடியது. ஓரிகன் மாநிலத்தில் கார்வாலிஸ் என்கிற ஊரில், அங்குள்ள பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஹாப்ஸ் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. பூஞ்சை நோயைத் தாங்கக்கூடிய, வாசனையும் உள்ள ஓர் உள்நாட்டுக் கொடி வேண்டும். இதுதான் லட்சியம்.

1956-ல் அந்தத் தோட்டத்தில் ஒரு கொடியிலிருந்து விதை எடுத்தார்கள். அம்மா வழியில் இங்கிலாந்து ஃபகிளும் ரஷ்யாவின் செரெப்ரியாங்காவும் கலந்த வம்சம். அப்பா? காற்றில் வந்த மகரந்தம். எந்த ஆண் கொடி என்று குறித்து வைக்க வழியில்லை. அந்த விதையிலிருந்து வந்த ஒரு செடிக்கு 56013 என்று நம்பர் போட்டார்கள். கைதிக்குப் போடுகிற மாதிரி.

கைதிக்கு விடுதலை கிடைக்கப் பதினாறு வருடம் ஆயிற்று. கொடி வளர வேண்டும், பூக்க வேண்டும், நோய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பீரில் போட்டுக் குடித்துப் பார்த்துக் கருத்து சொல்லப் பெரிய கம்பெனிகள் முன்வர வேண்டும். அவர்களுக்கு ஆர்வமே இல்லை. ஹாப்ஸ் வாசனை லேசாகத் தெரிந்தால் போதும், தெரியாவிட்டால் இன்னும் நல்லது என்கிற கட்டத்துக்கு அமெரிக்க பீர் வந்திருந்தது. புதுக் கொடியோ கிரேப் ஃப்ரூட் மாதிரி மணந்தது. நம் பம்ப்ளிமாஸுக்கு அது சொந்தக்காரப் பழம். கூடவே பூ வாசனை, கொடைக்கானல் பைன் காட்டில் நடக்கிற மாதிரி ஒரு மணம். பீரில் எதற்கய்யா பழ வாசனை என்றார்கள்.

பிறகு ஜெர்மனியில் ஆபத்து வந்தது. வெர்டிசிலியம் என்கிற வாடல் நோய் ஹாலர்டாவ் தோட்டங்களைத் தின்ன ஆரம்பித்தது. ஒரே ரகத்தை மைல் கணக்கில் நட்டு வைத்தால் ஒரு வியாதிக்கு அது மொத்தமாக விருந்து. வரத்து குறைந்தது, விலை ஏறியது. கொலராடோவின் கூர்ஸ் கம்பெனிக்குக் கவலை வந்தது. உள்நாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தபோது 56013-க்கு அதிர்ஷ்டம் அடித்தது.

1972-ல் விஞ்ஞானிகள் ஜாக் ஹார்னரும் ஆல் ஹௌனால்டும் அந்தக் கொடியை முறைப்படி வெளியிட்டார்கள். அந்தப் பக்கத்து மலைத்தொடரின் பெயரே கொடிக்கும். காஸ்கேட்.

கூர்ஸ் வாங்குகிறது என்றதும் விவசாயிகள் போட்டி போட்டுக்கொண்டு நட்டார்கள். நம் ஊரில் ஒருவர் முருங்கையில் லாபம் பார்த்தால் ஊரே முருங்கை போடுமே, அதேதான். முடிவும் அதேதான். ஜெர்மன் ஹாப்ஸுக்கு இது சரியான மாற்று இல்லை என்று பட்டதும் கூர்ஸ் மெல்ல ஒதுங்கிக்கொண்டது. காஸ்கேட் மூட்டைகள் கிடங்கில் தங்கின.

யாரும் கேட்காத கொடி. ஆனால் நல்ல சரக்கு, மலிவு விலை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

இப்போது இரண்டாவது அநாதை.

1920-ல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு வந்தது. பீர் கம்பெனிகள் திண்டாடின. சில கம்பெனிகள் ஒரு தந்திரம் செய்தன. மால்ட்டைப் பாகாகக் காய்ச்சி டின்னில் அடைத்து, ரொட்டி செய்ய உதவும் என்று விற்றன. நாடு முழுக்க ரொட்டி மீது திடீர்ப் பாசம். அந்தப் பாகு, கொஞ்சம் சர்க்கரை, ரொட்டிக் கடை ஈஸ்ட் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு வீடு ஊறல் போட்டார்கள். ருசி கொடுமையாக இருந்தது. பாட்டில்கள் வெடித்தன. வீட்டு பீர் என்றாலே மட்டம் என்கிற கெட்ட பெயர் அப்போது ஒட்டியதுதான்.

1933 டிசம்பர் 5-ல் மதுவிலக்கு போயிற்று. வீட்டில் ஒயின் தயாரிக்க அனுமதி வந்தது. பீருக்கு வரவில்லை. டைப் அடித்தவர் ஒரு வார்த்தையை விட்டுவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. கதை சுவாரஸ்யம்தான், ஆனால் கதை. விளைவு மட்டும் நிஜம். திராட்சையை ஊறப்போடுகிறவர் கௌரவமான குடும்பஸ்தர். பார்லியை ஊறப்போடுகிறவர் குற்றவாளி!

இதற்கிடையில் கடைகளில் கிடைத்த பீரின் கதி என்ன? 1870-களில் அமெரிக்காவில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. ஊருக்கு ஊர் ஒரு ருசி. 1970-களின் கடைசியில் நூறுகூட இல்லை. பெரிய மீன்கள் சின்ன மீன்களைத் தின்று தீர்த்திருந்தன. மிச்சமிருந்த கம்பெனிகள் எல்லாமே வெளிர் மஞ்சளாக, ஜில்லென்று, கிட்டத்தட்ட ஒரே ருசியில் ஒரே பானத்தைத் தயாரித்தன. லேபிளைக் கிழித்துவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அந்த வேறு ருசியைத் தேடியவர்களுக்கு ஒரே வழி, சட்டத்தை மீறுவது. மீறினார்கள். போர்ட்லாந்தில் ஃப்ரெட் எக்கார்ட் 1970-லேயே வீட்டு பீருக்கு ஒரு கையேடு எழுதி வெளியிட்டார். 1974-ல் லாஸ் ஏஞ்சலஸில் 'மால்ட்டோஸ் ஃபால்கன்ஸ்' என்று ஒரு சங்கமே ஆரம்பமாயிற்று. கொலராடோவின் போல்டர் நகரத்தில், அணுசக்திப் பொறியியல் படித்த சார்லி பபாஸியன் என்ற இளைஞர் வீட்டு பீருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். குற்றம் செய்வது எப்படி என்று பாடம்! போலீஸும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் நிஜம். ஆனாலும் 'பிடிக்க மாட்டார்கள்' என்பது வேறு, 'பிடிக்க முடியாது' என்பது வேறு. பிடிக்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில் ஒளிந்து பீர் காய்ச்சலாம். கடை போட முடியுமா? போட்டி நடத்த முடியுமா? பத்திரிகை நடத்த முடியுமா?

அதனால்தான் கலிஃபோர்னியாக்காரர்கள் அரசாங்கத்தை நச்சரித்தார்கள். செனட்டர் ஆலன் க்ரான்ஸ்டன் விஷயத்தைக் கையில் எடுத்தார். டிராக்டர் வரியோடு சேர்ந்து வேலை முடிந்தது. வயது வந்த ஒருவர் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பேர் என்றால் 200 கேலன். விற்கக் கூடாது. 1979 பிப்ரவரி 1 முதல் அமல். பபாஸியன் அதற்குள் ஒரு தேசிய சங்கமே ஆரம்பித்திருந்தார். 1978 டிசம்பரில் வந்த அதன் முதல் இதழ், சட்டம் மாறிய செய்தியைத் தாங்கியே வந்தது.

மாநிலங்களும் தனித்தனியே சம்மதிக்க வேண்டும் அல்லவா? அது இழுத்தது, இழுத்தது, இழுத்துக்கொண்டே போனது. கடைசியாக அலபாமாவும் மிஸிஸிப்பியும் வழிவிட்டது எப்போது தெரியுமா? 2013-ல்.

* * *

சரி, இரண்டு அநாதைகளும் எங்கே சந்தித்தார்கள்?

முதல் அறிமுகம் ஸான் ஃப்ரான்ஸிஸ்கோவில். ஃப்ரிட்ஸ் மேடேக் என்பவர் வாஷிங் மெஷின் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளை. 1965-ல், மூடப்போகிற நிலையில் இருந்த ஆங்கர் என்ற பழைய பீர் ஆலையின் பெரும்பங்கை வாங்கினார். 1975-ல், பால் ரெவியரின் புகழ்பெற்ற குதிரைச் சவாரிக்கு இருநூறு வருடம் ஆனதைக் கொண்டாட ஒரு பீர் போட்டார். பெயர் லிபர்ட்டி ஏல். அதில் கசப்புக்கும் காஸ்கேட், வாசனைக்கும் காஸ்கேட். வேறு ஹாப்ஸே கிடையாது. குடித்தவர்கள் அசந்துபோனார்கள்.

அடுத்தவர் ஜாக் மெக்காலிஃப். கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பல்களின் மின் சாதனங்களைப் பழுது பார்த்தவர். ஸ்காட்லாந்தில் வேலை பார்த்தபோது நல்ல பீருக்குப் பழகிவிட்டார். வீட்டிலேயே பீர் செய்யவும் அங்கேதான் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பினால் அந்த ருசியைக் காணோம். 1976-ல் கலிஃபோர்னியாவின் சொனோமாவில், பழைய டிரம்களை வெட்டி ஒட்டித் தன் கையாலேயே ஓர் ஆலை கட்டினார். நியூ ஆல்பியன். ஒரு தடவைக்கு ஒன்றரை பேரல்தான் வரும். எந்த பாங்க் கடன் கொடுக்கும்? 1982-ல் மூடிவிட்டார். தோற்ற மனிதர்தான். ஆனால் அந்த ஆலையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் தோற்கவில்லை.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் கென் க்ராஸ்மன். சீக்கோ என்ற ஊரில் 1976 முதல் வீட்டு பீர் சாமான் கடை வைத்திருந்தார். பெரிய கம்பெனிகளுக்கு மூட்டை மூட்டையாக விற்கிற ஹாப்ஸ் வியாபாரிகள் இவருக்கு எதற்கு விற்பார்கள்? வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமா பள்ளத்தாக்குக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போய், கம்பெனிகளுக்குக் காட்ட வைத்திருக்கும் மாதிரிக் கட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தார். பிறகு பால் பண்ணையின் பழைய பாத்திரங்களை வைத்து ஒரு நண்பரோடு சேர்ந்து ஆலை ஆரம்பித்தார். 1980-ல் முதல் பீர். முக்கியச் சரக்கான பேல் ஏல், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்தது. ஏறக்குறைய பத்து தடவை போட்டதை மனுஷன் சாக்கடையில் கொட்டினார். கையில் காசில்லாதவர் கொட்டியது அது. மனசுக்குச் சரி என்று பட்டபிறகுதான் விற்றார். அதன் வாசனை முழுக்க காஸ்கேட். கம்பெனியின் பெயர் சியெரா நெவாடா.

* * *

இந்த மூன்று பேருக்கும் பின்னால், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான சமையலறைகளில் ஒரு பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. இன்றும் நடக்கிறது. அதற்கு ஒரே ஒரு விதிதான். ஒரே ஒரு ரகம் ஹாப்ஸ்.

ஏன் ஒன்றே ஒன்று? காபிப் பொடிக் கடையில் 'ஏ' பாதி, பீபரி பாதி, சிக்கரி கொஞ்சம் என்று அரைத்து வாங்குகிறோம். காபி நன்றாக இருக்கிறது. ஆனால் பீபரி மட்டும் எப்படி இருக்கும் என்று கேட்டால் முழிப்போம். கலந்து குடிக்கிறவரைக்கும் எது எதனால் வந்தது என்று நாக்குக்குத் தெரியாது.

ஆகவே நாலரைக் கிலோ மால்ட். சுமார் 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறல். வடித்தெடுத்த தித்திப்புத் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்க விட வேண்டும். கடைசியில் கிடைப்பது 19 லிட்டர் பீர். சூட்சுமம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது.

கொதி வந்ததும் 28 கிராம் காஸ்கேட் போடுகிறார்கள். ஒரு மணி நேரம் வேகிறது. பூவில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் சூட்டில் உருமாறித் தண்ணீரோடு சேர்ந்து கசப்பு ஆகின்றன. ஆனால் வாசனை? எண்ணெய்ச் சத்து ஆவியாகி வீட்டுக்காரரின் கூரைக்குப் போய்விடும். எனவே கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது இன்னொரு 28 கிராம். அடுப்பை அணைத்ததும் இன்னொரு 28. ரசம் நுரை கட்டி இறக்குகிற நேரத்தில் கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போடுவது எதற்கு? முதலிலேயே போட்டால் தழை இருக்கும், மணம் இருக்காது. அதே சமாசாரம்தான். ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து, பொங்கி அடங்கிய பிறகு, சூடே இல்லாத பீரில் மறுபடி ஒரு கை ஹாப்ஸ். இப்படிப் பச்சையாகப் போடுவதுதான் மூக்கைத் துளைக்கிறது.

ஒரே பூ. போடுகிற நேரத்தைப் பொறுத்து ஒரு தடவை கசப்பு, ஒரு தடவை பழம், ஒரு தடவை காடு. அடுத்த மாதம் மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஹாப்ஸை மட்டும் மாற்றுவார்கள். இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தால் ரகத்தின் குணம் தெரிந்துவிடும். லேபரட்டரியில் செய்கிற அதே முறை. என்ன, இங்கே ரிசல்ட்டைக் குடித்துவிடலாம்.

பெரிய கம்பெனிகளிடம் விஞ்ஞானிகள் பதினாறு வருடம் கேட்டது இந்தப் பொறுமையைத்தான். அது கிடைத்தது சமையலறையில்.

* * *

மிச்சக் கதை சுருக்கம். இன்று அமெரிக்காவில் பீர் ஆலைகள் ஒன்பதாயிரத்துக்கும் மேல். ஆரம்பித்தவர்களில் நிறைய பேர் வீட்டில் கற்றவர்கள். மெக்காலிஃபின் நியூ ஆல்பியன் பீரை, 2013-ல் பாஸ்டன் பீர் கம்பெனி மறுபடி தயாரித்து விற்று லாபத்தை அவரிடமே கொடுத்தது. ஆங்கர் ஆலை 2010-ல் கைமாறி, 2017-ல் ஜப்பானின் சப்போரோவிடம் போய், 2023-ல் மூடப்பட்டது. மறு வருடம் ஹம்தி உலுகாயா என்ற தயிர் வியாபாரி அதை வாங்கினார். ஆலைகள் வரும், போகும்.

கொடி மட்டும் இருக்கிறது. ஏன் என்று யோசித்தால் ஒரு காரணம் தட்டுப்படும். இன்று கொடிகட்டிப் பறக்கிற ஹாப்ஸ் ரகங்களில் பல, தனியார் சொத்து. சிட்ரா என்று ஒரு ரகம் இருக்கிறது. 2000-களின் கடைசியில் வந்தது. பிரமாதமான வாசனை. அதை யார் வேண்டுமானாலும் நட முடியாது, லைசென்ஸ் வேண்டும். காஸ்கேட் அப்படி இல்லை. ஜனங்களின் வரிப்பணத்தில், அரசாங்கத் தோட்டத்தில் பிறந்தது. சொந்தம் கொண்டாட ஆள் கிடையாது. கூர்ஸ் ஒதுங்கியபோது ஒரு தனியார் கம்பெனியின் கொடியாக இருந்திருந்தால், நஷ்டக் கணக்கில் எழுதி வேரோடு பிடுங்கியிருப்பார்கள். பொதுச் சொத்தாக இருந்ததால் கிடங்கில் காத்திருந்தது. சீக்கோவில் கடை வைத்திருந்த ஒரு பையன் வந்து வாங்கிப்போகிற வரைக்கும்.

கொடிக்கு உரிமையாளர் இல்லை. பானைக்கு அனுமதி வந்தது. அவ்வளவுதான் நடந்தது. மற்றதை ஜனங்கள் பார்த்துக்கொண்டார்கள்.